கை நிறையக் கொடுத்து, பை குறையாமல் வாழ்வது எப்படி?

தாயில்பட்டி வட்டாரத்துச் சபைக்காரர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: நம் கிறிஸ்துமஸ் காணிக்கையைத் தீர்மானிப்பது தீபாவளி. வடக்கே பட்டாசு விற்றால்தான் இங்கே தட்டில் நோட்டு விழும். 2018-இல் உச்ச நீதிமன்றம் சரவெடியை நிறுத்தச் சொன்னதே, சரம் பின்னிய கைகளும் ஞாயிறு தோறும் தட்டில் போட்ட கைகளும் ஒரே கைகள்தான். ஆகவே தாராளத்தைத் தீபாவளிக்கு முன்பே காட்டிவிடுங்கள். அதன்பின் பட்டாசு ஆலைகள் மூடிக்கிடக்கும் வாரங்களில் ஆவிக்குரிய எழுப்புதலைப் பார்த்துக்கொள்ளலாம். அதற்குச் செலவு குறைவு.

தாராளம் காட்ட ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தை விட்டால் வேறு நல்ல இடம் இல்லை. கோழி, முருங்கைக்காய், கம்பு, சோளக்கதிர், பூசணி, அப்பளக்கட்டு எல்லாம் பீடத்தின் முன்னால் குவிந்திருக்கும். கோழியைக் கேட்காதீர்கள். கோழிக்கு ஒரு விலை உண்டு. அதற்குமேல் போனால் ஏமாந்தவர் என்பார்கள். முட்டையைக் கேளுங்கள். முட்டைக்கு இரண்டாயிரம் சொன்னால், அது முட்டைக்குச் சொன்ன விலை இல்லை என்று சபை முழுக்கப் புரிந்துகொள்ளும். ஏட்டிக்குப் போட்டியாகக் கேட்க ஒரு மச்சானை எதிர்வரிசையில் உட்காரவைப்பது நலம். அவர் மூச்சுவாங்கி நிறுத்தும் இடம் எது என்று முதல்நாளே பேசிவைத்துக்கொள்ளுங்கள். சில மச்சான்கள் நடுவில் உண்மையாகவே உணர்ச்சிவசப்பட்டுவிடுவார்கள். "ஒரு தரம், ரெண்டு தரம்" முடிந்ததும் முட்டையைக் கையில் வாங்கக் கூடாது. "மறு ஏலத்துக்கு விடுங்கண்ணே" என்று மெல்லிய குரலில், ஆனால் மைக்குக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டும். பணத்தை அங்கேயே எண்ணிக்கொடுப்பது அநாகரிகம். "எழுதிக்கோங்க" போதும்.

அந்த முட்டையைக் கொண்டுவந்த அக்கா பெண்கள் பக்கம் கடைசியில் இருப்பார். அவரைத் தேட வேண்டாம். உங்களுக்கு வேண்டிய வரிசை முன்வரிசை.

அடுத்தது அசனம். மேல்தெரு கீழ்த்தெரு பார்க்காமல் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து, ஒரே குண்டாச் சோற்றைத் தின்ன வேண்டும் என்பதற்காகத்தான் பெரியவர்கள் இதை வைத்தார்கள். ஆட்டுக்கும் அரிசிக்கும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டு, கறிக்குழம்பைத் தூக்குச்சட்டியில் வாங்கி வீட்டுக்கு அனுப்பிவிடுவது இப்போதைய வழக்கம். யார் பக்கத்தில் உட்கார்வது என்ற சங்கடமே வராது. அசனத்தை இதைவிடச் சுத்தமாகக் கெடுக்க முடியாது.

எழுப்புதலுக்கு வருவோம். இதில் நம் மாவட்டத்து முன்னோர் கொஞ்சம் தொந்தரவு. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் 1840-இல் கிறிஸ்தியான்பேட்டையை உண்டாக்கினார் அருளப்பன். மிஷன் சம்பளத்தை நம்பாமல் ஊழியம் செய்தவர். 1860-இல் அங்கே எழும்பிய எழுப்புதலில் ஜனங்கள் தேம்பித் தேம்பி அழுது, செய்த பாவத்தை ஊரறியச் சொன்னார்கள். அதற்குச் சற்று முன் ராக்லண்டு என்ற மிஷனரி. கேம்பிரிட்ஜில் படித்துப் பட்டமும் பதவியும் பெற்றவர், 1854 முதல் வடதிருநெல்வேலி வெயிலில் கூடாரம் போட்டு ஊர் ஊராகத் திரிந்து, 1858-இல் சிவகாசியிலேயே செத்துப்போனார். இப்படியெல்லாம் ஆரம்பித்தால் பை தாங்காது. இந்த இருவரைப் பற்றியும் கன்வென்ஷன் பிரசங்கத்தில் கேட்டுத் தலையாட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாவ அறிக்கையைப் பொதுவாகச் செய்யுங்கள்: "நாம் எல்லாரும் தவறியிருக்கிறோம்." குடோன் கூலியில் பிடித்துவைத்ததை எல்லாம் பெயர் சொல்லி அறிக்கை செய்தால் கூட்டம் நீண்டுவிடும், தொண்டர்களுக்குச் சாப்பாடு ஆறிவிடும். ஜனவரி 1 அன்று வாக்குத்தத்த அட்டை ஒன்றை எடுத்துக் கண்ணாடி ஓரத்தில் செருகுங்கள். காலண்டர் ஊரில் அட்டைக்கா பஞ்சம்?

கடைசியாக, தவிர்க்க வேண்டிய ஒரு பழக்கம். ஆலையில் விபத்து நடந்த வாரம் சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு சில பெண்கள் நேராக வீட்டுக்குப் போவதில்லை. இடையில் நின்று, முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஐம்பதோ நூறோ எடுத்து ஒருத்தி கையில் சேர்ப்பார்கள். நோட்டில் அலுமினியத் தூள் வெள்ளியாக ஒட்டியிருக்கும். செத்தவர் எந்தச் சபை, எந்தக் கோயில் என்று கேட்பதில்லை. நோட்டுப்புத்தகம் கிடையாது, ரசீது கிடையாது, மைக் கிடையாது. அடுத்த வாரம் தன் வீட்டுக்கும் இதே முடிச்சு அவிழலாம் என்று அவர்களுக்குத் தெரியும். 2021 பிப்ரவரியில் அச்சன்குளம் ஆலை வெடித்து இருபதுக்கு மேற்பட்டோர் போனபின் அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்களுக்கு இது சரிப்படாது. கொடுத்தது யார் என்றே தெரியாமல் போய்விடும்.

இன்னொன்று. ஏலத்தில் எடுத்த முட்டைக்கான பணம் இன்னும் சபைப் பொருளாளர் நோட்டில் பாக்கியாகவே நிற்கிறது. இந்த வருஷப் பண்டிகைக்கு முன் கொண்டுபோய்க் கட்டிவிடுங்கள், ஐயா.