மாப்ளையின் மொளகா மகசூல்

வாடா மாப்ள. பாலிபேக்குல நாலு மொளகாச் செடி வச்சு, காய்ச்சதைப் படம் புடிச்சு ஊர் பூரா வாட்ஸ்அப்புல அனுப்பி, இப்பக் காயப்போட வாசல்ல பாயும் விரிச்சிட்டியாமே. மழைக்கு மட்டும்தான் தனியா அழைப்பு வைக்கல.

இது மலேசியாவுல பாரிட் புந்தார்டா, ராமநாதபுரம் இல்ல. அங்க முண்டு மொளகாய வெட்டவெளியில கொட்டிட்டு மனுசன் குறட்டை விடுவான். அந்த மொளகா 2023ல புவிசார் குறியீடே வாங்கிருச்சு. இங்க எந்தப் பக்கம் திரும்பினாலும் வயக்காடு. 1906லயே வெள்ளைக்காரன் புக்கிட் மேரா ஏரித் தண்ணிய வாய்க்கால் வெட்டி நம்ம கிரியான் மாவட்டம் முழுக்க நெல்லுக்குப் பாய விட்டுட்டான். காத்தே ஈரத்தோடதான் வரும். காலையில பல்லைக் காட்டுற வெயிலு மத்தியானத்துக்கு மேல ஆளே இருக்காது.

அதுலயும் நீ வச்சது குலாய் மொளகா, சதைப்பத்து ஜாஸ்தி. முழுசாப் போட்டா தோல் சுருங்கிக் காய்ஞ்ச மாதிரி நடிக்கும், உள்ள ஈரம் குந்தியிருக்கும். நீளவாக்குல கீறிப் போடு. சிலி பாடி மாதிரி குட்டி மொளகான்னா காம்போட அப்படியே போடலாம். பறிக்கும்போது முக்காப் பங்குக்கு மேல தண்ணி. நூத்துக்குப் பத்துக்கு இறங்கணும். தராசு தேடாத. காதுகிட்ட ஆட்டினா விதை கலகலக்கணும், வளைச்சா பட்டுன்னு ஒடியணும். வீட்டுல நீ இருக்கிற மாதிரி வளைஞ்சு குடுத்துச்சுன்னா இன்னும் காயல.

வானம் ஏமாத்தினா, உன் வீட்டுக்காரி கேக்கு சுட வாங்கி இப்பச் சட்டி அடுக்கி வச்சிருக்காளே, அந்த ஓவன் இருக்கு. 60 டிகிரிக்கு மேல ஏத்தாத, கதவைக் கொஞ்சம் திறந்து வை. ஜன்னலையும் திற, இல்லேன்னா வீடே இருமும். பூசணம் கண்டதைத் துடைச்சுட்டுக் கொழம்புல போட்டுரலாம்னு மட்டும் கணக்குப் போடாத. அஃப்ளடாக்சின்னு ஒரு நஞ்சு, ஈரலைப் புடிக்கும், அடுப்புல கொதிச்சாலும் போகாது. குப்பைக்குப் போடு.

சிவக்காத காயை ஏன் முறைச்சுக்கிட்டு நிக்கிற? மோர் மொளகா போடு, நம்ம ஊரு மழைக்குத் தோதானதே அதுதான். அடியில கீறி, உப்புப் போட்ட புளிச்ச மோருல ராத்திரி ஊறட்டும். பகல்ல வெயிலு, சாயங்காலம் மறுபடி அதே மோரு. மோர் வத்துற வரைக்கும் இதே வேலை. நடுவுல ஒரு நாள் மழை புடிச்சாலும் மோருலயே கெடக்கட்டும், உப்பு காவல் காக்கும். அப்புறம் மொறுமொறுன்னு காயவச்சு பாட்டில்ல அடை.

கீறி முடிச்சதும் கையில எண்ணெய் தடவித் தேச்சுட்டுச் சோப்புப் போடு. காரம் தண்ணிக்கு அசையாது. கண்ணைத் தொடறதுக்கு முன்னாடி மட்டுமில்ல, பாத்ரூம் போறதுக்கு முன்னாடியும் கழுவு. ஏன்னு கேக்காத, சொல்ல மாட்டேன்.

இந்தியாவுலருந்தும் சீனாவுலருந்தும் மூட்டை மூட்டையா வந்து இறங்குற காய்ஞ்ச மொளகாய பசார்ல வாங்குறது, நீ பாலிபேக்குக்கும் உரத்துக்கும் கொட்டின காசுக்கு எவ்வளவோ மலிவு. இதை உன் வீட்டுக்காரிகிட்ட நான் இன்னும் சொல்லல. மோர் மொளகா பொரிக்கிற அன்னிக்கு எனக்கும் ஒரு தட்டு தயிர்சோறு எடுத்து வச்சா, இனிமேலும் சொல்ல மாட்டேன்.