கொட்டகைக்கு டிராக்டர், டிராக்டருக்குக் கொட்டகை

டெக்சாஸ் நகரவாசி ஒருவர் கிராமத்தில் 10 ஏக்கர் வாங்கினால், அடுத்து வருவது டிராக்டர். ஜான் டீர் பச்சையா, குபோட்டா ஆரஞ்சா என்பதில் குடும்பமே இரண்டுபடும்.

சிறிய டிராக்டர்கள் பலவற்றின் குதிரைத்திறன் 25-ஐத் தொடாமல், 24-ஐத் தாண்டிய கையோடு நாணத்துடன் நின்றுவிடும். 25-க்கு மேல் போனால் அமெரிக்கப் புகை விதிகள் இறுகும்; புகைக்கரி வடிகட்டி, அதை அவ்வப்போது எரித்துச் சுத்தம் செய்யும் வேலை என்று செலவு கூடும். கோட்டுக்கு மயிரிழை இப்பால் நிற்பதும் ஒரு பொறியியல்தான்.

இவ்வளவு விலை கொடுத்ததை மழையில் விடலாமா? எஃகுக் கொட்டகை உதிரிகளாக லாரியில் வந்து சேரும். இறக்க டிராக்டர் வேண்டும். தரையைச் சமன்செய்யவும் அதே டிராக்டர்தான். விளம்பர விலையில் கான்கிரீட் தளம் பெரும்பாலும் அடங்காது என்பது, லாரி கிளம்பிப் போன பிறகே உறைக்கும்.

சரி, பயிர்?

அதற்கும் வழியுண்டு. டெக்சாஸ் சட்டப்படி 5 முதல் 20 ஏக்கர் வரையுள்ள நிலத்தில் தேனீ வளர்ப்பதும் விவசாயமே. முந்தைய 7 ஆண்டுகளில் 5 ஆண்டு விவசாயம் நடந்திருந்தால் சொத்துவரி கணிசமாகக் குறையும். ஆக, பண்ணையில் உழைப்பவை தேனீக்கள். டிராக்டர் சனிக்கிழமைகளில் புல் வெட்டுகிறது.