கரிமீனுக்கு ஒரு கூட்டாளி

கேரள அரசு கரிமீனை மாநில மீனாக அறிவித்தது 2010-இல். மூணாறில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனாலும் கண்ணாடித் தொட்டிக்குள் எட்டிப் பார்த்ததும் முதல் கேள்வி, "எத்தனை கிராம் வரும்?" என்பதுதான். மாநில விலங்கான யானையைப் பார்த்து யாரும் இப்படிக் கேட்பதில்லை.

கோட்டயத்தில் வேலை பார்க்கும் மருமகன், ஆக்ஸிஜன் அடைத்த கவரில் கொண்டுவந்து தந்த ஒற்றைக் குஞ்சு அது. உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்ததும், "தனியாக் கெடக்கே, பாவம். துணைக்கு ஏதாவது வாங்கிப் போடுங்க" என்று மனைவி ஆரம்பித்தாள். அவ்வளவுதான், ஆலோசனைகள் குவிய ஆரம்பித்தன.

போடியிலிருந்து வந்த அத்தை, "எங்க கம்மாயில ஜிலேபி கெடக்கு. ரெண்டு புடிச்சுப் போடு" என்றார். உறவுமுறைப்படி அத்தை சொன்னது சரி. ஜிலேபியும் கரிமீனும் சிக்லிட் குடும்பம். கடையில் விற்கிற ஆஸ்கரும் ஏஞ்சலும்கூட அதே குடும்பம்தான். ஆனால் ஜிலேபி, 1952-இல் இந்தியாவுக்குள் வந்து ஏரி குளமெல்லாம் பிடித்துக்கொண்ட மீன். குஞ்சுகளை வாய்க்குள் வைத்துக் காப்பாற்றுகிற அந்தத் தாய்க்கு என் தொட்டி எம்மாத்திரம்! இதைவிட நெருங்கிய சொந்தம் வெளிநாட்டில் வேண்டுமென்றால் மடகாஸ்கருக்குத்தான் போகவேண்டும்; கரிமீனின் கிட்டத்து உறவுகள் சில அங்கே இருக்கின்றன. விசேஷத்துக்கு போடிக்குப் போய்வரவே இங்கே லீவு கிடைப்பதில்லை.

பக்கத்து வீட்டு அண்ணன் மண்ணின் மைந்தர் கட்சி. "நம்ம ராஜமலை டிரவுட் இருக்கப்ப வெளியூர் மீன் எதுக்கு?" என்றார். வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் தூண்டில் விளையாட்டுக்காகக் கொண்டுவந்து விட்ட மீன், நூறு வருஷத்தில் நம்ம மீன் ஆகிவிட்டது. அது இருக்கட்டும். டிரவுட்டுக்கு இருபது டிகிரிக்குக் கீழே சில்லென்று ஓடும் தண்ணீர் வேண்டும். கரிமீனுக்கு இருபத்தைந்தாவது வேண்டும். ஜனவரியில் செண்டுவாரைப் பக்கம் புல்லெல்லாம் உறைபனி பூத்துக் கிடக்கும்போது என் வீட்டில் மீனுக்கு ஹீட்டர் ஓடுகிறது. நாங்கள் கம்பளிக்குள் சுருண்டு கிடக்கிறோம். இந்த லட்சணத்தில் ஒரே தொட்டியில் ஒருத்தருக்கு ஹீட்டரும் இன்னொருத்தருக்கு ஐஸ் கட்டியும் எப்படி வைப்பது?

மிஸ் கேரளா என்றொரு மீன் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் பிறந்து, உடம்பில் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டு, வெளிநாட்டுத் தொட்டிகள்வரை போன அழகி. பேர் பொருத்தம், மாநிலப் பொருத்தம் எல்லாம் பிரமாதம். தண்ணீர்ப் பொருத்தம்தான் இல்லை. அது ஓடை நன்னீர்க்காரி. கரிமீனோ உப்பும் நன்னீரும் கலக்கிற காயல்காரன். நியான் டெட்ராவைப் பற்றி மகள் பேச்செடுத்தபோது நான் கரிமீனின் வாயைக் காட்டினேன். சிக்லிட்டின் வாய்க்குள் அடங்குகிற எதையும் துணை என்று வாங்கக் கூடாது. அதற்குத் தீனிக் கணக்கு என்று பேர்.

கடைசியில் பொருந்தி வந்தது பள்ளத்தி. அதுவும் காயல் மீன், அதுவும் சிக்லிட். இந்தியாவில் இயற்கையாக உள்ள சிக்லிட்டுகளே மூன்றுதான். அதில் இரண்டு இவை. வளர்ந்தாலும் விரல் நீளத்தைப் பெரிதாகத் தாண்டாது. சின்னப் பள்ளத்திகள் கரிமீனின் மேலிருக்கும் ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்னும்; கரிமீனும் துடுப்பை விரித்துக்கொண்டு சும்மா நிற்கும். இதை 1970-களிலேயே ஆய்வாளர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அதே ஆய்வாளர்கள் இன்னொன்றையும் எழுதினார்கள்: கரிமீன் தம்பதி காவலிருந்து பார்க்கிற முட்டையையும் குஞ்சையும் சமயம் பார்த்துத் தின்பதும் இந்தப் பள்ளத்திதான். தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுக்கிற பக்கத்து வீடுதான் நம் கோழியின் முட்டையையும் எடுக்கும். எங்கள் கரிமீன் ஒண்டிக்கட்டை. முட்டைக்கு வழியே இல்லை. இந்த வரவுக்கு அதைவிடப் பெரிய தகுதி வேண்டுமா?

ஒன்றிரண்டாக விட்டால் பழைய ஆள் புதுசைத் துரத்தித் துரத்தியே கொன்றுவிடும். அதனால் ஒரு கூட்டமாக வாங்கினேன். விடுவதற்கு முன் கற்களையெல்லாம் இடம் மாற்றி அடுக்கி, விளக்கை அணைத்தேன். எது தன் எல்லை என்று பழைய ஆளுக்கே குழம்பிவிட்டால் சண்டை பாதி குறையும். "சாமான இடம் மாத்திட்டா கோவம் போயிருமா?" என்று கேட்ட மனைவி, பீரோவை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

சண்டை பெரிதாக இல்லை. ஒரு பள்ளத்தியின் வால் ஓரம் கிழிந்தது, ஆறிவிட்டது. ஆனால் வீட்டில் திருப்தி இல்லை. "இதுக வேலைக்காரப் பசங்க மாதிரில்ல இருக்கு. அதுக்குன்னு ஒரு ஜோடி வேண்டாமா?"

அடிமாலியில் மீன் கடைக்காரரிடம் போய், கரிமீனில் ஆண் எது, பெண் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

"முட்டை போட்டா அது பெண்ணு சார்," என்றார். "பள்ளத்தி திங்கிறதுக்கு முன்னால பாத்துக்கணும்."