பார்க்க என்ன இருக்கு?

கோவில்பட்டிக்காரரிடம் "உங்க ஊர்ல பார்க்க என்ன இருக்கு?" என்று கேட்டால், குற்றாலத்துக்கு எங்கே பஸ் ஏற வேண்டும் என்று சொல்லி அனுப்பிவைப்பார். அந்த நல்ல வழக்கத்தை மீறவைத்தவர் என் பினாங்கு நண்பர். நான்காம் தலைமுறை மலேசியத் தமிழர். நான் அங்கே போயிருந்தபோது, சிவப்புக் கொடி பிடித்த வழிகாட்டி ஒருவரின் பின்னால் என்னை நாள் முழுக்க நடக்கவிட்டு, கொடிமலை ரயிலிலும் ஏற்றி இறக்கியவர். பதில் மரியாதை செய்ய வேண்டாமா? அவர் வந்ததும் வழிகாட்டியோடு கரிசல் சுற்றுலா ஏற்பாடு செய்தேன். வழிகாட்டி வேறு யாருமில்லை, வாடகைக் கார் ஓட்டும் அண்ணாச்சிதான். கொடிக்குப் பதில் தோளில் ஒரு துண்டு.

முதலில் எட்டயபுரம். பாரதி பிறந்த வீடு, கல்கி திரட்டிய நிதியில் கட்டி 1947இல் திறக்கப்பட்ட மணிமண்டபம், முத்துசுவாமி தீட்சிதர் சமாதி, சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் அடக்கத்தலம் என்று ஒரு சின்ன ஊருக்குள் இத்தனை இருக்கிறது. அண்ணாச்சி இதையெல்லாம் வரவு செலவாக்கிவிட்டார். "பாரதி 1882இல இங்க பிறந்து வெளியூர் போனாரு. அது செலவு. தீட்சிதர் திருவாரூர்ல பிறந்து இங்க வந்து 1835இல காலமானாரு. அது வரவு. கணக்கு நேர்!" நண்பர் இதைப் பயபக்தியோடு செல்போனில் குறித்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் ஒரு டீக்கடை. நண்பர் தீப்பெட்டிப் படங்கள் சேர்ப்பவர் என்பதால் கடையிலிருந்த ரகங்களையெல்லாம் வாங்க ஆரம்பித்தார். விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்றதும், குச்சிகளைக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டு வெறும் பெட்டிகளைப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு ரூபாய்ப் பெட்டி 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாயானது, அதுவும் 14 வருஷம் கழித்து. "விலைவாசி பத்தி எரிஞ்சப்பவும் அணைஞ்சு கெடந்தது தீப்பெட்டி ஒண்ணுதான் தம்பி" என்றார் அண்ணாச்சி.

அடுத்து இடைசெவல். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் 1923இல் பிறந்தது இந்த ஒரே ஊரில். இருவருக்கும் சாகித்திய அகாதமி விருது, ராஜநாராயணனுக்கு 1991இல், அழகிரிசாமிக்கு 1970இல். "ஒருக்க வந்த வழிதானே? திரும்ப வர டெல்லிக்காரனுக்கு 21 வருஷம் ஆயிருக்கு!" நண்பர் சுற்றுமுற்றும் பார்த்தார். ஒரு தெரு, வேப்பமரம், படுத்திருந்த ஆடு. "இதில் எதைப் போட்டோ எடுப்பது?" என்று என்னிடம் மெல்லக் கேட்டார். நியாயமான கேள்வி. ஆட்டை எடுத்தார்.

ஊரைத் தாண்டியதும், முளைவிட்டு நின்ற உளுந்துக் காட்டைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தச் சொன்னார். ஐப்பசி மாதம், முந்தின இரவு நல்ல மழை. "ரோட்டுல நின்னே எடுங்க" என்று அண்ணாச்சி சொல்லி முடிப்பதற்குள் வெள்ளை ஷூ காட்டுக்குள் இறங்கிவிட்டது. ஈரக் கரிசலைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: அது வழுக்கிவிடாது, பிடித்துக்கொள்ளும். நாலு எட்டு வைத்ததில் நண்பர் இரண்டு அங்குலம் வளர்ந்தார். ஐந்தாவது எட்டில் கால் வந்தது, ஷூ வரவில்லை. அண்ணாச்சி சீமைக்கருவேலங்குச்சியால் மண்ணை வழித்தபடியே பாடம் நடத்தினார். இந்த ஈரப்பிடிப்பை நம்பித்தான் இங்கே பருத்தி, கம்பு, உளுந்து எல்லாம் மானாவாரியாக விளைகிறது. "சித்திரையில வந்திருந்தா ஒட்டாது தம்பி. வெடிச்சுக் கெடக்கும். ஷூ உள்ளயே போயிரும்."

கயத்தாறில் நண்பர் வெறுங்காலோடு இறங்கினார். 1799 அக்டோபர் 16இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடம். சிவாஜி கணேசன் சொந்தப் பணத்தில் நிலம் வாங்கிச் சிலை வைத்திருக்கிறார். "தூக்கில் போட்ட புளியமரம் எங்கே?" என்றார் நண்பர். மரம் இல்லை. அந்தக் குறையைப் போக்க, சிவாஜி நடித்த கட்டபொம்மன் படத்தின் வரி வசனத்தை அண்ணாச்சி கை நீட்டி, குரல் உயர்த்தி, ஒரு சொல் விடாமல் பேசினார். லாரிக்காரர்கள் இருவர் நிறுத்திக் கேட்டார்கள். எனக்கு அங்கேதான் விஷயம் விளங்கியது. பினாங்கில் கட்டடத்தைக் காட்டிவிட்டு வழிகாட்டி ஒதுங்கிக்கொள்ளலாம். எங்கள் பக்கத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மறைக்க ஒன்றும் கிடையாது, காட்டவும் கிடையாது. வாய்தான் எல்லாவற்றையும் கட்டியாக வேண்டும். இடைசெவலில் எழுத்தாளர்கள் ஏன் முளைக்க மாட்டார்கள்!

மதியச் சாப்பாட்டுக்குப் பதிலாக வண்டியிலேயே கோவில்பட்டிக் கடலைமிட்டாய். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு, மேலே கலர் கலராகத் தேங்காய்ப்பூ. வாய் நிறைய மிட்டாய் இருந்ததால் கழுகுமலை வரை அண்ணாச்சி பேசவில்லை. அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே ஓய்வு அது.

"இங்கே மேலே போக ரயில் இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே நண்பர் மலையேறினார். ஆனால் வெட்டுவான் கோயிலைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது. எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் மலையை மேலிருந்து கீழாக வெட்டிச் செதுக்கிய ஒற்றைக் கல் கோயில். விமானத்தில் தட்சிணாமூர்த்தி மிருதங்கம் வாசித்துக்கொண்டிருக்கிறார். கீழே வரவர வேலை அரைகுறை.

ஏன் முடிக்கவில்லை?

அப்பன் சிற்பி பொறாமையில் மகன் சிற்பியைக் கொன்றுவிட்டான், வேலை நின்றுபோனது என்று ஏறும்போதே சொல்லியிருந்தார் அண்ணாச்சி. சமணச் சிற்பங்களையும் பார்த்துவிட்டு இறங்கும்போது, ராஜாவுக்குக் கையில் காசு தீர்ந்துவிட்டது என்றார். நண்பர் செல்போன் குறிப்பைப் பார்த்து, "அண்ணே, மேலே போகும்போது வேறு மாதிரி சொன்னீங்களே?" என்று மடக்கினார்.

அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டார். "ஏறுறதுக்கு ஒரு கதை, இறங்குறதுக்கு ஒரு கதை. வாடகை ஒண்ணுதான் தம்பி."