108 பாசிட்டிவ், 9 நோயாளி!

செந்துறைப் பக்கம் முந்திரி வாங்கும் வியாபாரி, ஒரு கை கொட்டையை உடைத்துச் சொத்தை எத்தனை என்று எண்ணாமல் விலை பேச மாட்டார். அதே மனிதர் காய்ச்சலில் லேபுக்குப் போகட்டும். கொடுக்கிற சீட்டைக் கும்பிட்டு வாங்கிக்கொண்டு வருவார். இதில் சொத்தை எத்தனை என்று கேட்டுவிட்டால், “தொண்ணூறு பர்சென்ட் கரெக்ட்டா இருக்கும்ணே” என்று பதில் வரும். ஆஹா!

அந்தத் தொண்ணூறின் லட்சணத்தைக் கொஞ்சம் பார்ப்போம். ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கு நோய் என்று வையுங்கள். டெஸ்ட் அந்தப் பத்தில் ஒன்பது பேரைப் பிடிக்கும். ஒருவரை “உனக்கு ஒன்றுமில்லை” என்று வீட்டுக்கு அனுப்பிவிடும். நோயே இல்லாத 990 பேரில் 99 பேரையும் நோயாளி ஆக்கிவிடும். மொத்தம் 108 பாசிட்டிவ், நிஜ நோயாளி 9. மீதி 99 பேர் மருந்துக்கடைக்கு நேர்ந்துவிடப்பட்டவர்கள்.

டைபாய்டுக்குச் செய்யும் வைடால் 1896இல் வந்த பரிசோதனை. ரிப்போர்ட்டில் ‘எஸ்.டைபி ஓ - 1:80’ என்று அச்சாகியிருக்கும். பக்கத்தில் சிவப்பு மையில் ‘பாசிட்டிவ்’. பழைய டைபாய்டுக்கும் அது தலையாட்டும், வேறு தொற்றுக்கும் தலையாட்டும். டைபாய்டு புழங்கும் ஊரில் நன்றாக இருப்பவர் ரத்தத்திலும் அந்த அளவு தென்படலாம். ரத்தக் கல்ச்சர் இதைவிட நம்பகமானது. அதுவும் சிலரைத் தவறவிடும். முடிவு வர நாளாகும். ஆன்டிபயாட்டிக் சீட்டுக்கு அவ்வளவு பொறுமை ஏது?

காசநோய்க்கு ஒரு ரத்தப் பரிசோதனை இருந்தது. கிட் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் தயாரானது. அங்கீகாரம் எங்கும் கிடையாது. விற்பனை நம்மைப் போன்ற நாடுகளில், டெஸ்டுக்கு 30 டாலர் வரை. இதை நம்பாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2011 ஜூலையில் சொன்னது. இந்தியா 2012 ஜூனில் தடை செய்தது. அதற்குள் நோயில்லாமல் காசநோய் மாத்திரை தின்றவர்களுக்கும், நோயோடு இருமிக்கொண்டே திரிந்தவர்களுக்கும் காசைத் திருப்பிக் கொடுத்த மகராசன் யார்?

2020 ஏப்ரலில் கொரோனா ‘ரேபிட் கிட்’ சீனாவிலிருந்து இறங்கியது. தமிழ்நாட்டுக்கு 24,000 வந்தன. முடிவுகள் தாறுமாறாக இருந்ததால், ஏப்ரல் 27 அன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலே (ஐசிஎம்ஆர்) பயன்படுத்தாதீர்கள், திருப்பி அனுப்புங்கள் என்றது. 245 ரூபாய்க்கு இறக்குமதியான கிட் 600 ரூபாய்க்கு அரசுக்குப் போன கதை டெல்லி உயர் நீதிமன்றத்தில் வெளிவந்தது. நோயைக் கண்டுபிடிப்பதில்தான் பிழை. லாபக் கணக்கில் பிசகே இல்லை.

டெஸ்டே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நோயுள்ள நூறு பேரில் எத்தனை பேரைத் தவறவிடும், நோயில்லாத நூறு பேரில் எத்தனை பேரை வீணாகப் பிடிக்கும் என்று ரிப்போர்ட்டில் தமிழில் இரண்டு வரி அச்சிடுங்கள். சாமி படத்துக்கு இடமிருக்கிறது, ‘கட்டணம் திருப்பித் தரப்படாது’ என்பதற்கும் இடமிருக்கிறது. இதற்கு மட்டும் தாள் போதவில்லையா?

கேட்டால் கவுன்டரில் கோபம் வரும். வரட்டும். காசையும் கொடுத்து ரத்தத்தையும் கொடுத்தவனுக்குத்தான் முதலில் வந்திருக்க வேண்டும்.