உப்பு சொல்லும் ஊர்

கேள்வி: கடற்கரைக் காற்றில் மிதக்கும் துகள்களில் கடல் தந்தது எது, நிலம் தந்தது எது என்று எப்படி அறிவது?

பதில்: துகளின் உடம்பிலேயே அதன் ஊர்ப்பெயர் எழுதியிருக்கிறது. அலைநுரையின் குமிழிகள் உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் உலர்ந்து உப்புத் துகள்களாகின்றன. கடல்நீரில் 1 கிராம் சோடியத்துக்குச் சுமார் 1.8 கிராம் குளோரைடும் 0.25 கிராம் சல்ஃபேட்டும் உண்டு. பெருங்கடல்கள் எங்கும் இந்த விகிதம் ஏறக்குறைய மாறாது. ஆகவே காற்றை வடிகட்டிய தாளில் சிக்கிய சோடியத்தை 0.25 ஆல் பெருக்கினால் கடலுப்பு கொண்டுவந்த சல்ஃபேட்டின் அளவு கிடைக்கும். மிச்சம் நிலக்கரி, எண்ணெய்ப் புகையிலிருந்தோ, கடலின் மிதவை உயிரிகள் வெளியிடும் கந்தக வாயுவிலிருந்தோ வந்தது. அந்த வாயுவிலிருந்து உண்டாகும் மீத்தேன் சல்ஃபோனிக் அமிலமும் கூடவே இருந்தால் அந்த உயிரிகளுக்கும் பங்குண்டு.

அலுமினியம் மண்தூசியைக் காட்டும். உப்புக்குரிய பங்கைக் கழித்தபின் எஞ்சும் பொட்டாசியம் விறகு, வைக்கோல் புகையைக் காட்டும். குளோரைடு குறைந்திருந்தால், நகரத்துப் புகையின் அமிலம் உப்பைத் தொட்டுவிட்டது என்று பொருள்.

காற்றுக்கும் சாட்சி உண்டு. ரேடான் வாயு பெரும்பாலும் மண்ணிலிருந்தே கசிகிறது, 3.8 நாளில் பாதியாகிறது. அது மிகுந்திருந்தால் காற்று அண்மையில் நிலத்தைக் கடந்திருக்கிறது. அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள மேஸ் ஹெட் நிலையத்தில் காற்றின் திசை, கரித்துகள் அளவு ஆகியவற்றால் அட்லாண்டிக் காற்றையும் ஐரோப்பியக் காற்றையும் பிரிக்கிறார்கள்.

ஒரே அடையாளம் ஏமாற்றலாம்: வனேடியம் கடற்காற்றோடு வந்தாலும் அதைத் தந்தது கப்பலின் எரியெண்ணெயாக இருக்கலாம். பல சாட்சிகள் ஒத்துச் சொன்னால்தான் தீர்ப்பு.