நாய்க்குத்தான் களைப்பு

சனவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை பத்து மணிவாக்கில், ஓஸ்லோ நகரின் ஒன்றாம் எண் மெட்ரோ ரயிலில் ஏறினால் அவரைப் பார்க்கலாம். அலுவலகக் கூட்டமெல்லாம் வடிந்து, ரயில் ஓய்வூதியக்காரர்கள் வசம் வரும் நேரம் அது. வயது எழுபதுக்கும் எண்பதுக்கும் நடுவில் எங்கேயோ. கையில் ஆளைவிட உயரமான இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகள். முதுகில் நிறம் வெளுத்த கித்தான் பை. காலடியில் ஒரு நாய். யாரோடும் ஒரு வார்த்தை பேசமாட்டார். எதிர் இருக்கைக்காரரின் கண்ணைத் தற்செயலாகப் பார்த்துவிட்டால் இருவருமே உடனே ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார்கள். பெட்டியில் உள்ளவர்களை ஒவ்வொருவராகப் போய் நலம் விசாரிப்பது நாய் ஒன்றுதான்.

ஊர் பேர் தெரியாத சராசரி மனிதனை நாம் குப்பன், சுப்பன் என்கிறோம். நார்வேக்காரர்கள் ‘ஓலா’ என்கிறார்கள். நாமும் இவரை ஓலா என்றே அழைப்போம். வாடகைக் கார் ஞாபகம் வந்தால் அதை விட்டுவிடுங்கள். இவர் யாரையும் ஏற்றிக்கொள்கிற ரகம் இல்லை, முந்திப் போகிற ரகம்.

அதே பெட்டியில் பேத்தியோடு யாழ்ப்பாணத்து அம்மம்மா ஒருவரும் இருக்கக்கூடும். ஓஸ்லோவிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆயிரக்கணக்கான ஈழத்தமிழர்கள் வாழ்கிறார்கள். “உந்த வயசில உந்தாளுக்கு உது தேவையோ? விழுந்தா ஆர் பாக்கிறது?” என்று அவர் பேத்தியின் காதைக் கடிப்பார். பேத்தி பள்ளிக்கூடத்திலேயே சறுக்கப் பழகியவள். “அவர் விழமாட்டார் அம்மம்மா. நாய்தானே இழுக்கும்” என்பாள். இருபது நிமிடம் ரயிலில் உட்கார்ந்தே ஓலாவின் ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டாள் அந்தப் பெண். கூடவே போகிற நண்பர்களுக்கும் அது தெரியும். ஆனால் வாயைத் திறக்கமாட்டார்கள். காரணம் பின்னால் வரும்.

கடைசி நிறுத்தம் ஃபிரோக்னர்சேட்டரன், கடல்மட்டத்திலிருந்து 469 மீட்டர் உயரம். தலைநகரத்தின் மெட்ரோ ரயிலே கொண்டுபோய்க் காட்டு வாசலில் இறக்கிவிடுகிறது. அங்கிருந்து நூர்மார்க்கா காடு தொடங்கும். மரங்களில் பூசியிருக்கும் நீல அடையாளம் கோடைகால நடைபாதைக்கு, சிவப்பு அடையாளம் குளிர்காலச் சறுக்குத் தடத்துக்கு. ஓலாவின் கூட்டாளிகள் அங்கே காத்திருப்பார்கள்: ஓய்வுபெற்ற பல் மருத்துவர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர். நார்வேயில் வழக்கமான ஓய்வு வயது 67. அதுவரை ஞாயிற்றுக்கிழமை மட்டும் செய்துவந்த காரியத்தை அதற்குப் பிறகு வாரநாளிலும் செய்யலாம். இவர்களுக்கு ஓய்வு என்பதன் பொருள் அவ்வளவுதான்.

பனிச்சறுக்கு என்றதும் மலையுச்சியிலிருந்து தலைதெறிக்கக் கீழே பாய்கிற சினிமாக் காட்சி நினைவுக்கு வரும். ஓலாவுக்கு அதில் மரியாதை கிடையாது. கம்பிவண்டியில் ஏறிப் போய்ச் சறுக்கி இறங்குவதைக் காசு கொடுத்துக் கீழே விழுவது என்பார். அவருடையது காட்டு வழியே மேடும் பள்ளமுமாகப் போகிற நெடுந்தூரச் சறுக்கல். நடையும் இல்லை, ஓட்டமும் இல்லை. ஒரு காலால் உந்தி மறுகாலில் வழுக்கிப் போக வேண்டும். உந்தும்போது கட்டை பனியைப் பற்ற வேண்டும், வழுக்கும்போது விட்டுவிட வேண்டும். இந்த இரண்டு எதிரெதிர் வேலையையும் செய்வது கட்டையின் அடியில் நடுப்பகுதியில் தேய்க்கும் மெழுகு.

அந்த மெழுகில்தான் ஓலாவின் முழு அறிவும் இருக்கிறது. கடுங்குளிருக்குப் பச்சை, அதைவிடக் குறைந்த குளிருக்கு நீலம், பூச்சியம் டிகிரியை ஒட்டி ஊதா, அதற்கு மேலே போனால் சிவப்பு. உருகி மறுபடி உறைந்த பழம்பனிக்குப் பிசின்மாதிரி ஒரு குழம்பு உண்டு. அது பனியில் ஒட்டுகிறதோ இல்லையோ, கையுறையில், தாடியில், நாயின் வாலில் தவறாமல் ஒட்டும். நான்கு பேரும் வெப்பமானியைப் பார்த்து, பனியைக் கையில் பிசைந்து, மோந்துகூடப் பார்த்து விவாதிப்பார்கள். “நீலம்தான்.” “நிழலில் நீலம், வெயிலில் ஊதா.” “போன வியாழக்கிழமை நீ சொன்னதைக் கேட்டுத்தான் நான் வாத்து மாதிரி நடந்து திரும்பினேன்.” பேசி முடிப்பதற்குள் வெப்பநிலை இரண்டு டிகிரி மாறியிருக்கும். திரும்பவும் முதலிலிருந்து.

இப்போது அடியில் மொஹேர் ஆட்டுரோமப் பட்டை ஒட்டிய கட்டைகள் வந்துவிட்டன. மெழுகே வேண்டாம். பொறியாளர் போன வருடம் அப்படி ஒன்று வாங்கினார். கையால் இடித்த மிளகாய்ப்பொடி வீட்டுக்குள் பாக்கெட் மசாலாவோடு வந்த மருமகளுக்கு என்ன வரவேற்பு கிடைக்குமோ, அதுவே அவருக்குக் கிடைத்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. “வசதியாத்தான் இருக்கும்” என்றார் ஆசிரியர். நார்வேயில் அதைவிடக் கடுமையான சொல்லை நண்பனிடம் சொல்வது நாகரிகம் இல்லை.

உடையில் ஓலா இன்னும் ஐம்பது வருடம் பின்னால் நிற்கிறார். முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டிய கம்பளிக் கால்சட்டை, அதற்குள் கம்பளி, அதற்கும் உள்ளே பெரிய பெரிய ஓட்டை போட்ட வலைப் பனியன். 1930களில் நார்வே ராணுவ அதிகாரி ஒருவர் மீன்பிடி வலையை வெட்டித் தைத்துப் பார்த்ததில் பிறந்த உடுப்பு அது. ஓட்டையில் தங்கும் காற்று உடம்புச் சூட்டைக் காக்குமாம். ஓட்டைதான் சூடு தருகிறது என்ற தத்துவத்தை ஓலா ஒரு மணி நேரம் விளக்குவார். கேட்டுக்கொண்டு நிற்கிறவர் உறைந்துபோவார்.

தடத்தில் கால் வைத்ததும் மனிதர் மாறிவிடுகிறார். ரயிலில் ஊமையாக வந்தவர் எதிரே வருகிற ஒவ்வொருவருக்கும் ‘ஹேய் ஹேய்’ என்று குரல் கொடுக்கிறார். குழந்தைக்கு ஒரு ஹேய், குழந்தையை இழுத்துவரும் தாய்க்கு ஒரு ஹேய், அரை நிர்வாணமாகப் பறக்கிற பந்தய வீரனுக்கும் ஒன்று. பத்து நிமிடம் முன்னால் ரயிலில் தோள் உரச உட்கார்ந்திருந்தபோது கண்ணைத் திருப்பிக்கொண்ட அதே மனிதர் எதிரே வந்தால், பால்ய சிநேகிதனைக் கண்டதுபோல் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். திரும்பி அதே ரயிலில் ஏறியதும் மறுபடி அந்நியர்கள்.

நாய்க்கு வருவோம். பாம்சே என்று பெயர், எல்க்ஹவுண்ட் இனம். சாம்பல் நிறம், முதுகில் சுருண்ட வால், வயது நான்கு. எல்க் மானை நாள் முழுக்கக் காட்டுக்குள் துரத்திக் குரைத்து நிறுத்துவதற்கென்றே வளர்த்தெடுத்த இனம். அதன் சேணத்திலிருந்து இழுபடும் நீள வார் ஒன்று ஓலாவின் இடுப்புப் பட்டையில் மாட்டியிருக்கும். ஏற்றத்தில் பாம்சே முன்னால் பாயும், வார் விறைக்கும், ஓலா கம்பீரமாக மேலே போவார். உச்சியில் நின்று, கடிகாரத்தைத் தட்டி, “நாடித்துடிப்பு நூற்றுப் பத்துதான்” என்று நண்பர்களிடம் காட்டுவார். நாயின் நாடியை யாரும் பார்ப்பதில்லை.

அந்தப் பாம்சேக்குத்தான் இரண்டு கிலோமீட்டருக்கு ஒருமுறை களைப்பு வருகிறது. “பாம்சேக்கு மூச்சு வாங்குது, கொஞ்சம் நிப்போம்” என்பார் ஓலா, மூச்சு வாங்கியபடி. பாம்சே அதற்குள் இரண்டு புதரை முகர்ந்துவிட்டு வந்து, ஏன் நின்றோம் என்று தலையைச் சாய்த்துப் பார்க்கும். ஈரப்பனி நாய்களின் விரலிடுக்கில் உருண்டு கட்டியாவது உண்மை. எடுத்துவிடாவிட்டால் நொண்டும். அதற்காக நான்கு பெரியவர்கள் சுற்றி நின்று ஒரு பாதத்தை ஏழு நிமிடம் ஆராய வேண்டுமா? பல் மருத்துவரிடம் ஒரு செட்டர் இருக்கிறது. இரண்டு நாய், எட்டுப் பாதம், அத்தனையும் ஓய்வு நேரம். நாய் இல்லாத ஆசிரியரும் பொறியாளரும் சட்டைப்பையில் பிஸ்கட் வைத்திருக்கிறார்கள். கால் வலித்தால் பாம்சேயைக் கூப்பிட்டு ஒன்று கொடுப்பார்கள். ‘முழங்கால் வலி’ என்ற சொல் அந்தக் கூட்டத்தில் ஒலித்ததே இல்லை. ஒருவர் வாயை விட்டால் மற்ற மூவரும் உள்ளதைச் சொல்ல வேண்டியிருக்கும்.

நார்வேயில் மலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்பது விதிகள் உண்டு. 1967 ஈஸ்டர் விடுமுறையில் மலைகளில் பலர் இறந்த பிறகு நாடெங்கும் பரவியவை. 1937 முதல் விற்கும் க்விக் லுன்ஷ் என்ற சாக்லேட் உறையின் உட்பக்கத்திலும் அச்சிடுகிறார்கள். நேரத்தோடு திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கமில்லை என்கிறது எட்டாவது விதி. ஓலாவுக்கு ஒன்பதும் மனப்பாடம், பேரப்பிள்ளைகளிடம் ஒப்பிக்கவும் சொல்வார். தான் திரும்பும்போது மட்டும் எட்டாவது விதியைச் சொல்லமாட்டார். “பாம்சேக்கும் வயசாகுதில்லையா” என்பார்.

நண்பர்கள் வராத நாளில் மகள் தொலைபேசியில் கூப்பிடுவாள். “அப்பா, தனியாப் போகாதீங்கன்னு சொன்னேனே.”

“தனியா எங்கே? பாம்சே இருக்கே.”

“பாம்சே ஆம்புலன்ஸைக் கூப்பிடுமா?”

இந்த இடத்தில் ஓலா வரலாற்றைத் துணைக்கு அழைப்பார். கையில் மூன்று பேர் இருக்கிறார்கள். முதலாமவர் 1875இல் நார்வேயில் பிறந்து, கனடாவில் காடெல்லாம் சறுக்குத் தடம் வெட்டி, நூறு வயதுக்குப் பிறகும் சறுக்கி, 1987இல் 111 வயதில் இறந்த ஹெர்மன் ஸ்மித் யோஹான்சன். காட்டுமுயல் என்று பட்டப்பெயர். அவரோடு ஒப்பிட்டால் ஓலா வாலிபன். இரண்டாமவர் அரசர் ஐந்தாம் ஓலாவ். 1973 டிசம்பரில், எண்ணெய் நெருக்கடியால் வார இறுதியில் கார் ஓட்டத் தடை இருந்தபோது, எழுபது வயதில் சறுக்குக் கட்டைகளோடு இதே தடத்து ரயிலில் ஏறி டிக்கெட்டுக்குப் பணம் நீட்டியவர். அந்தப் புகைப்படம் தெரியாத நார்வேக்காரர் இல்லை. பிற்பாடு சறுக்குக் கோலத்தில் நாயோடு சேர்த்தே அவருக்குச் சிலையும் வைத்தார்கள். ஓலாவுக்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? மூன்றாமவர் 1911 டிசம்பர் 14 அன்று தென் துருவம் தொட்ட அமுண்ட்சென். இவர் பெயரைப் பாம்சே கேட்கும் தூரத்தில் எடுப்பதில்லை. 52 நாய்களோடு கிளம்பிய அந்தக் கூட்டம் 11 நாய்களோடுதான் திரும்பியது.

வழியில் காட்டு விடுதி வரும். உள்ளே கணப்பு, வாஃபிள், அதன்மேல் சீவிப்போட்ட பழுப்பு ஆட்டுப்பால் சீஸ், சூடான பிளாக்கரன்ட் பானம். நாய்களை வெளியே கட்ட வேண்டும். உள்ளே போன நால்வரும் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் வருவார்கள். காலையிலிருந்து களைத்து, மூச்சு வாங்கி, மூப்படைந்து வந்த அதே பாம்சே மைனஸ் எட்டு டிகிரியில் வெளியே நிற்கிறதே என்று கேட்டால், “அதுக்கென்ன, எல்க்ஹவுண்ட்! பனியிலேயே தூங்கும்” என்று இரண்டாவது வாஃபிளுக்குக் கை நீட்டுவார் ஓலா.

இன்னொரு விஷயத்திலும் நாய் மறந்துபோகும். ஏப்ரலில் பனி உருகும்போது, நாய்கள் விட்டுப்போய்க் குளிர்காலம் முழுக்கப் புதைந்திருந்தவை தடத்தோரம் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். அந்த வழியில் ஓலாவின் நாய் ஒருநாளும் போனதில்லை.

இவர்கள் ஏற்றத்தில் பாதம் பார்த்துக்கொண்டிருக்கும்போது “வழி!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்கும். கரி வருகிறார். சராசரி நார்வேக்காரிக்கு அந்தப் பெயர். எழுபத்துநான்கு வயது, இடுப்பில் மாற்று மூட்டு, நாய் கிடையாது. ரேனாவிலிருந்து லில்லெஹாமர் வரை 54 கிலோமீட்டர் போகிற பிர்க்கபெய்னர் பந்தயத்தைப் பலமுறை முடித்தவர். 1206இல், உள்நாட்டுப் போரின்போது, இரண்டு வீரர்கள் குழந்தை இளவரசன் ஹாக்கோனைச் சுமந்துகொண்டு மலை தாண்டிச் சறுக்கிய நினைவாக, அதில் ஒவ்வொருவரும் மூன்றரைக் கிலோ பையை முதுகில் சுமக்க வேண்டும். குறித்த நேரத்துக்குள் முடித்தால் பதக்கச் சின்னம் தருவார்கள். அந்த நேரம் வயதுப் பிரிவைப் பொறுத்தது. ஆகவே கரி எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்காக ஆசையோடு காத்திருக்கிறார். அடுத்த பிரிவில் அவர்தான் இளையவர்!

கரிக்கு ஒளிவுமறைவு தெரியாது. “இடுப்பு வலிக்குது, நிக்கிறேன்” என்று நிற்பார். நான்கு ஆண்களும் கூச்சத்தோடு பனியைப் பார்ப்பார்கள். போன மாதம் இன்னும் ஒரு படி மேலே போய், பாம்சேயின் முகவாயைத் தடவி, “இந்த ஜாதி நாள் முழுக்க ஓடுமே, இதுக்கா களைப்பு?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அன்று திரும்பும் வழியில் யாரும் நாய்க்குப் பிஸ்கட் கொடுக்கவில்லை.

ஆனால் கப்பல் பொறியாளர் என்றால் சும்மாவா? அடுத்த வாரம் அவர் பையிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. டாக்ஸண்ட் குட்டி. நீளமான உடம்பு, நாலங்குலக் கால். புதுப்பனியில் இறக்கிவிட்டால் மூழ்கிவிடும். அரைக் கிலோமீட்டர் ஓடினால் உண்மையாகவே களைத்துவிடும், கரியே சோதித்துப் பார்க்கலாம். மீதி வழியெல்லாம் தூக்கித்தான் போக வேண்டும். அதைத் தூக்கிக்கொண்டு ஏற்றம் ஏறுகிறவர் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம், எவ்வளவு வேண்டுமானாலும் மூச்சு வாங்கலாம், கடைசியில் வந்து சேரலாம். ஒருவரும் ஒன்றும் கேட்க முடியாது. இளவரசன் ஹாக்கோனைச் சுமந்தவர்களை யாராவது கேட்டார்களா?

இப்போது அந்தக் குட்டியைச் சுமக்க நால்வருக்கும் அடிதடி. ஆசிரியர் கால அட்டவணையே போட்டுக் கொடுத்திருக்கிறார். பையின் எடையைத் தூக்கிப் பார்த்த கரி மட்டும், மூன்றரைக் கிலோவுக்கு எவ்வளவோ கூடுதலாக இருக்கிறதே, பந்தயப் பயிற்சிக்கு உதவுமே, வியாழக்கிழமைகளில் தனக்குத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். கூடிப் பேசி முடிவு சொல்வதாக ஓலா பதில் அனுப்பியிருக்கிறார். பாம்சேக்கு அதன் துணை இல்லாமல் ஏக்கம் வந்துவிடுமாம்.